கரிசல் நினைவுகளும் அறிவிப்பாளர் வரிசையும்

கரிசல் மண்ணில் பிறந்து வளர்ந்தோர் தம் இளமையையும் குடும்பத்தையும் நிலத்தையும் நினைந்து எழுதிய நூல்களைக் கடந்த நோன்பு விடுமுறை தொட்டு மீண்டும் ஒருமுறை படித்து வந்தோம். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி, பூமணி, மேலாண்மை பொன்னுச்சாமி என்று அவ்வரிசை நீளும். இவர்களுள் சிலர் கோவில்பட்டிப் பக்கத்தவர். சிலர் எம் விருதுநகர்ப் பக்கத்தவர். 1985ஆம் ஆண்டில் இராமநாதபுரத்திலிருந்து பிரித்து எம் மாவட்டத்திற்குக் கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டைக் கறுப்பு மண் அறியாது. சாத்தூருக்கு வடக்கே விளையும் கம்பும் தெற்கே விளையும் கம்பும் ஒன்றே.

யாம் இந்நூல்களில் ஆழ்ந்திருந்ததைக் கண்ட மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இவையெல்லாம் கதையா, நடந்ததா?" என்று வினவினார். எளிய வினாவாயினும் அதற்கு உடனே விடை கூற இயலவில்லை. கதை என்றால் அவற்றின் உண்மைக்குக் குறை செய்தவராவோம். நடந்தது என்றாலோ, கேட்டதையெல்லாம் நம்புவோர் கூட்டத்தில் சேர்ந்தவராவோம். அரபுக் கல்விக்கூடத்தில் எமக்குப் பயிற்றுவித்த ஓர் அளவுகோல் அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் அதன் வாசகத்தை ஆராய்வதற்கு முன்பாக, அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவ்விடத்தில் அவர் இருந்தாரா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று வினவுவது ஹதீஸ் கலை வல்லுநரின் வழக்கம். அந்த வரிசையை இஸ்னாது என்பர். செய்தியின் வாசகத்தை மத்ன் என்பர். நினைவு இலக்கியத்தைத் திறனாய்வதற்கு இதனினும் ஏற்ற கருவி உண்டோ என எண்ணினோம். மார்க்கச் செய்திக்குரிய கடுமையைக் கதைக்கு விதிக்க யாம் வரவில்லை; வினவும் பழக்கத்தை மட்டுமே கடன் கேட்கின்றோம்.

இக்கலையில் சிறு குழந்தையின் நினைவுக்கும் இடமுண்டு என்பதைப் பலர் அறியார். மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஐந்து வயதுக் குழந்தையாய் இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் ஒரு வாளியிலிருந்து நீரை வாயில் எடுத்துத் தம் முகத்தில் உமிழ்ந்து விளையாட்டுக் காட்டியதைப் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்கள். எந்த வயதில் கேட்டதும் கண்டதும் ஏற்புடையனவாகும் என்னும் தலைப்பின்கீழ் இமாம் புகாரி அதனைத் தம் நூலின் கல்விப் பகுதியில் பதிந்துள்ளார்கள். ஒரு வாளி, சிறிது நீர், ஒரு குழந்தையின் முகம், இவ்வளவே செய்தி. இதில் சட்டம் ஒன்றும் தலைமையாய் இல்லை. ஆயினும் குழந்தை தன் கன்னத்தில் உணர்ந்ததைத் தானே சொன்னது என்பதால், பன்னூறு ஆண்டுகளாக அறிஞர் அதனைக் காத்து வருகின்றனர். தமிழிலும் இதற்கு இணை உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதியவர், தாம் சிறுவனாய் மரக்கிளை ஏறி மடுவில் குதித்து ஆழத்து மணலை அள்ளி வந்ததை, இருமலுக்கு நடுவே கோலூன்றி நின்று நினைக்கின்றார். குதித்தவரே சொல்கின்றார், ஆதலால் அந்த மணலின் ஈரம் இன்னும் உலரவில்லை.

இந்த அளவுகோலோடு கரிசல் நூல்களுக்குள் நுழைவோம்.

இடைசெவல் என்னும் ஒரே சிற்றூர் தமிழுக்கு இரு பெரும் எழுத்தாளரை அளித்தது. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்து முடித்த இரவில் எமக்கு உறக்கம் வரவில்லை. தீபாவளிக்கு முந்திய பொழுதில், செல்வர் வீட்டுச் சிறுவனோடு ஏழைக் குழந்தைகள் ஆடும் போட்டி விளையாட்டும், எங்கிருந்தோ வந்து சேர்ந்த அநாதைச் சிறுவனைத் தன் பிள்ளைகளோடு ஒருவனாய்க் குளிப்பாட்டும் தாயும் அக்கதையில் வருகின்றனர். பண்டிகை யாருடையதாயினும், புத்தாடையில்லாப் பிள்ளையின் முகம் எல்லார் வீட்டுப் பெருநாள் காலையிலும் ஒன்றுதான். அழகிரிசாமி 1970ஆம் ஆண்டு தம் நாற்பத்தேழாம் வயதை எட்டுமுன் மறைந்தார் என்பது தமிழுக்குப் பேரிழப்பு.

கி.ரா.வின் 'கதவு' கதையை எத்தனை முறை பள்ளியில் படித்துக் காட்டியிருப்போம் என்று கணக்கில்லை. குழந்தைகள் வீட்டுக் கதவைப் பேருந்தாக்கி, சீட்டுக் கொடுத்து ஊர் ஊராய்ப் போகின்றனர். சிறுவன் எங்கோ கிடைத்த தீப்பெட்டிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து அக்கதவில் ஒட்டி மகிழ்கின்றான். பின்னர்த் தீர்வைப் பாக்கிக்காக அக்கதவைக் கழற்றிக்கொண்டு போகின்றனர். வாசல் வெறுமையாகிறது, வாடை உள்ளே வருகிறது. அரசின் தீர்வை, பெற்றோர் கூலி வேலை, பஞ்சம் ஆகிய அனைத்தும் ஒரு கதவின் இருப்பிலும் இன்மையிலும் அடங்கிவிடுகின்றன. விளக்கம் ஒரு வரி இல்லை. இளமை நினைவை இனிப்பாக மட்டும் எழுதுவோர் இக்கதையை ஒருமுறை பார்த்துப் பிறகு பேனாவைத் தொடுவது நலம்.

அந்தத் தீப்பெட்டிப் படத்தை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறோம். அதனிடம் பின்னர் வருவோம்.

கி.ரா. நிலமுடைய சம்சாரிக் குடும்பத்தவர். 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்று ஜூனியர் விகடனில் அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது, திண்ணையில் அமர்ந்து ஒரு பெரியவர் பேசுவதைக் கேட்பது போன்றே இருக்கும். மழையின் வகைகள், மாட்டின் சுழிகள், கம்மஞ்சோற்றின் பக்குவம், களத்துமேட்டு வம்பு என எதைத் தொட்டாலும் பேச்சின் மணம் வீசும். வட்டாரச் சொற்களுக்கென்று அகராதியே தொகுத்தவர் அவர். 2021ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தபோது, ஒரு வட்டாரத்தின் நாவே அடங்கியது போன்று உணர்ந்தோம். ஆயினும் அறிவிப்பாளரை வினவுவது நம் கடன் அன்றோ? திண்ணையிலிருந்து பார்ப்பவருக்குத் தெருவில் போவோர் அனைவரும் தெரிவர். அவர்தம் வீட்டு அடுப்படி தெரியாது. எம் அத்தா சைக்கிளின் பின்னே துணி மூட்டை கட்டி அக்கரிசல் ஊர்களில் முப்பது ஆண்டுகள் சுற்றியவர். விலையாகக் கம்பும் பருத்தியும் மிளகாய் வற்றலும் கொடுப்பார்கள். சைக்கிள் போகும்போது துணியால் கனக்கும், வரும்போது தவசத்தால் கனக்கும். அவ்வூர்ப் பெண்கள் அவரை "மாமா" என்று அழைத்து, அடுத்த வாரம் என்ன நிறம் வேண்டுமென்று சொல்லி விடுவர். இத்தகைய மனிதர் யாம் படித்த நினைவு நூல்களில் வாசல் வரை வருகின்றார், பேரம் பேசுகின்றார், போய்விடுகின்றார். மாலையில் அவர் எந்த வீட்டிற்குத் திரும்பினார் என்பதைத் திண்ணை அறியாது. இதைக் குற்றமாகக் கூறவில்லை. அவர் காணாததை அவர் சொல்லவில்லை. நேர்மையான அறிவிப்பாளர் செய்யத் தக்கது அதுவே.

'கோபல்ல கிராமம்' 1976ஆம் ஆண்டு வெளிவந்தது. எம்மவருள் இந்நூலைப் பாதியில் மூடிவைத்தோரை யாம் அறிவோம். காரணம் வெளிப்படை. தெலுங்கு நாட்டிலிருந்து முன்னோர் ஓடிவந்த வரலாற்றை மூதாட்டி மங்கத்தாயாரு அம்மாள் சொல்கின்றார். சென்னா தேவி என்னும் அழகியைத் துலுக்க ராஜா விரும்பினான் என்பதும், மானம் காக்கக் குடும்பமே நள்ளிரவில் புறப்பட்டது என்பதும் அக்கதையின் வேர். நம் வீட்டுப் பெண்பிள்ளை இதைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்து, "அத்தா, இது நாமா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? எம் மகள் கேட்டாள். ஆதலால் இதனைக் கடந்து செல்ல எமக்கு இயலாது.

இங்கும் இஸ்னாதையே துணைக்கு அழைத்தோம். கி.ரா. இதைத் தாம் கண்டதாகச் சொல்லவில்லை. வரலாறு என்றும் சொல்லவில்லை. ஒரு கிழவியின் வாயில் வைத்து, அவர் தம் முன்னோரிடம் கேட்டதாகச் சொல்லி, அறிவிப்பாளர் வரிசையைத் திறந்தே காட்டுகின்றார். நாவலாசிரியரின் இந்த ஒழுங்கை, அந்நாவலை எடுத்துக்காட்டி வரலாறு பேசுவோரிடம் காண்பதில்லை. அடுத்து மத்னை நோக்குவோம். அரசன் பெண் கேட்டான், குலம் மறுத்தது, இரவோடு இரவாக ஊரை விட்டது என்னும் இக்கூறு, தெற்கே குடிபெயர்ந்த பல குடிகளின் வாய்மொழியில் வருவது. ஆற்றங்கரை மரம் வளைந்து பாலமாகிக் காத்தது என்பது வரை அவை ஒத்திருக்கும். நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்தமைக்குச் சொல்லும் குலக்கதையிலோ, பெண்டிரைக் கவர்ந்த மன்னன் சோழன்! ஆகவே அக்கதையில் ஓர் இருக்கை இருக்கின்றது. 'தகாத மன்னன்' என்று அதற்குப் பெயர். யார் கதை சொல்கின்றாரோ, அவருடைய காலத்தில் யாரைக் கண்டு அஞ்சினரோ, அவனை அதில் அமர்த்துவர். சோழனை அமர்த்தியதால் நகரத்தார்க்குச் சோழநாட்டார் மீது பகை இல்லை.

இதையே மகளுக்குச் சொன்னோம். அவள் முழுவதும் ஏற்றாளா என்பது வேறு. "அப்படியென்றால் பாட்டி பொய் சொன்னாளா?" என்றாள். பொய்யில்லை, ஊரை விட்டு ஓடிய அச்சம் மெய், அச்சத்திற்கு இட்ட பெயர் மட்டுமே ஆய்வுக்குரியது என்றோம். நூலை முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். 'கோபல்லபுரத்து மக்கள்' நூலையும் கேட்டு வாங்கி வந்தாள். 1991இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற நூல் அது.

திண்ணைக்கு எதிர்ப்புறம் நின்று அதே மண்ணைக் காட்டியவர் பூமணி. 1979இல் வந்த 'பிறகு' நாவலில் செருப்புத் தைக்கும் அழகிரியே நடுநாயகம். சம்சாரி வீட்டுக் கமலைக்குத் தோல் தைப்பவன் கண்ணுக்கு அதே கிணறும் அதே மாடும் வேறாய்த் தெரிகின்றன. 1982இல் வந்த 'வெக்கை'யில், கொலை செய்துவிட்ட சிறுவன் தகப்பனோடு காட்டில் மறைந்து திரிகின்றான். கண்மாய்க் கரையும் கரும்புத் தோட்டமும் வேலிக்காடும் அவனுக்கு விளையாட்டிடம் அல்ல, ஒளிவிடம். அடுப்புக் கூட்டிச் சோறு பொங்கும் இடைவேளைகளில் தந்தையும் மகனும் பேசும் குடும்ப நினைவுகளே அந்நாவலின் உயிர். 2019இல் இது 'அசுரன்' என்று திரைப்படமாகி ஊரெல்லாம் பார்த்தனர். திரையின் ஆரவாரத்தில் அந்தச் சோறு பொங்கும் நேரங்கள் சுருங்கிப் போயின என்பது எம் கருத்து. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திச் சிற்றூரில் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டே எழுதிய மேலாண்மை பொன்னுச்சாமியையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும்; 'மின்சாரப்பூ' தொகுதிக்காக 2008இல் அகாதெமிப் பரிசு அவர் கடை வாசலைத் தேடி வந்தது. அவருடைய கதைகளில் அறிவுரை சற்றுக் கூடுதல்தான். ஆனால் தராசுக்குப் பின்னால் நிற்பவன் காணும் கிராமத்தை அவரைப் போல் காட்டியவர் குறைவு.

வேற்று நாட்டு நூல்கள் இரண்டை இவற்றோடு வைத்துப் பார்த்தோம். எகிப்தின் தாஹா ஹுசைன் எழுதிய 'அல் அய்யாம்' 1929இல் நூலாயிற்று. ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றி அவர் 1926இல் எழுதிய நூலோடு எமக்கு உடன்பாடு இல்லை. அன்றைய அஸ்ஹர் ஆலிம்களின் சினத்தில் நியாயம் இருந்தது என்றே இன்றும் கருதுகிறோம். ஆனால் 'அல் அய்யாம்' வேறு. மூன்று வயதளவில் பார்வை இழந்த குழந்தைக்கு வீட்டின் எதிரே உள்ள சோளத்தட்டை வேலியே உலகின் எல்லை. அதைத் தாண்டிச் செல்லும் முயல்களைக் கண்டு அவனுக்குப் பொறாமை. 1902ஆம் ஆண்டுக் காலராவில் தமையன் இறந்த இரவை அவர் சொல்லும் பக்கங்களை யாம் ஒரே மூச்சில் படிக்க இயலாமல் இருமுறை நிறுத்தினோம். அந்நூல் முழுவதிலும் 'நான்' என்னும் சொல்லைத் தவிர்த்து, 'சிறுவன்' என்றே தம்மைக் குறிக்கின்றார். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயர்ச் சிற்றூரில் கல்தச்சர் மகளாய்ப் பிறந்த ஃபுளோரா தாம்சன் 1939இல் வெளியிட்ட 'லார்க் ரைஸ்' நூலும் அவ்வாறே. தம்மை 'லாரா' என்று வேறொரு பெண்போல வைத்துப் பேசுகின்றார். கூலி உழவர் வீட்டில் பன்றி வளர்ப்பதும், கதிர் பொறுக்கிய தானியத்தை மாவாக்கி வைப்பதும், வாரக்கூலி எவ்வளவு, அது எதற்கு எவ்வளவு போயிற்று என்பதும் அதில் வரவு செலவுக் கணக்குப்போல் வருகின்றன. இறுதியில் உலகப்போரில் மாண்ட அவ்வூர் இளைஞரின் பெயர்கள் பொறித்த தகட்டில் அவள் தம்பியின் பெயரும் நிற்கின்றது. ஆங்கில நூலை எம் மாணவர் ஒருவர் படித்துப் பொருள் கூறக் கேட்டோம். எம் இஸ்னாதையும் மறைக்கலாகாது அல்லவா?

இவ்விருவரும் 'நான்' என்பதை ஏன் விலக்கினர்? வறுமையில் கழிந்த இளமையைச் சொல்லும்போது கழிவிரக்கம் நாவில் ஏறி அமர்ந்துகொள்ளும். தன்னைச் சற்றுத் தள்ளி நிறுத்தினால்தான் கூலியும் பசியும் நோயும் சரியான அளவில் தெரியும். தமிழில் நினைவு எழுதுவோர் பெரும்பாலும் தம்மை மடியில் வைத்துக் கொஞ்சுகின்றனர். பழைய ஊர், பழைய கிணறு, பழைய தின்பண்டம், அவற்றைப் போற்றிப் பெருமூச்சு! கிணற்றில் நீர் இறைத்தவர் யார், அவருடைய பிள்ளை அந்நேரம் எங்கே இருந்தது என்ற கேள்வி எழுவதில்லை.

இப்போது அந்தத் தீப்பெட்டிப் படத்திற்கு வருவோம். இடைசெவல் சிறுவனுக்கு விளையாட்டுச் செல்வமான அப்படத்தைப் பெட்டியில் ஒட்டிய கைகள் எவை?

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பித் தொடங்கினர். மழை குறைந்து காற்று உலர்ந்த இப்பகுதி அத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. வானம் பொய்த்த மானாவாரி நிலத்தை விட்டுக் குடும்பங்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மாறின. பயிரைக் கொல்லும் வறட்சியே தீக்குச்சியை உலர்த்தியது. எம் பக்கத்தில் தீப்பெட்டி ஆலை என்று யாரும் சொல்வதில்லை, 'ஆபீஸ்' என்பர். ஆபீசுக்குப் போகிறாள் என்றால் பத்து வயதுச் சிறுமி கட்டையில் குச்சி அடுக்கப் போகிறாள் என்று பொருள். கருக்கலில் பஸ் வரும். ஃபஜ்ரு பாங்கிற்கு முன்பே அதன் ஒலி தெருமுனையில் கேட்கும் நாட்கள் உண்டு. 1970களின் இறுதியில் எம் தெரு ஓதும்பள்ளியில் ஆண்பிள்ளைகள் விரிந்த பாயில் நெருங்கி அமர்ந்திருப்போம். பெண்பிள்ளைகளின் பாய் பாதி காலியாய் இருக்கும். உஸ்தாது அப்பாயைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். 1986இல் சிறார் தொழில் தடைச் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிச் சிறார் குறித்துத் தீர்ப்பளித்து, விதி மீறும் முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. பின்னரே அந்தப் பாய் மெல்ல மெல்ல நிறைந்தது.

அந்தச் சிறுமியர் பற்றி எழுத்துகள் இல்லாமல் இல்லை. பூமணியே 'கருவேலம் பூக்கள்' என்று திரைப்படம் எடுத்தார். ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையிலிருந்து 2008இல் வந்த 'பூ' திரைப்படத்தின் நாயகி பட்டாசு வேலை செய்பவள். அறிக்கைகளும் ஆய்வுகளும் பல. அவை அனைத்திலும் பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர் ஒருவர். குச்சி அடுக்கிய சிறுமி தானே வளர்ந்து, 'என் இளமை இது' என்று எழுதிய நூல் ஒன்றேனும் எம் கைக்கு எட்டவில்லை. நம் சமுதாயப் பெண்கள் நிலையோ சொல்ல வேண்டுவதில்லை. தமிழ் முஸ்லிம் கிராமம் என்றால் தோப்பில் முஹம்மது மீரான் காட்டிய கடலோரமே நினைவுக்கு வருகிறது. வெயிலில் காயும் உள்நாட்டுத் தெருக்களுக்கு இன்னும் அறிவிப்பாளர் வரவில்லை.

இதை எழுதும் எமக்கும் இதில் பங்குண்டு. எம் தமக்கையார் பதினோரு வயதில் ஓதுவதை நிறுத்தி ஆபீசுக்குச் சென்றார். மாலையில் வீட்டில் அம்மாவோடு அமர்ந்து பெட்டி ஒட்டினார். ஒரு குரோசுக்கு நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. அந்தக் கூலியும் அத்தாவின் சைக்கிளும் சேர்ந்தே எம்மை மதரஸாவுக்கு அனுப்பின. எம் இளமை நினைவு கேட்டால் பனங்கிழங்கும் கண்மாய்க் குளியலும் களத்துமேட்டு நிலவும் என்று நாவினிக்கச் சொல்வோம். அந்த நிலவொளியில் அவர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் அவரைக் காணச் சென்றபோது, பழையதைச் சொல்லுங்கள், எழுதப் போகிறோம் என்றோம். "அதுல என்ன இருக்கு எழுத?" என்று சிரித்தார். மழையைப் பற்றிப் பேச்சு வந்தது. கரிசல் நூல்களில் மழை வருவது பெருநாள் போன்றது, கி.ரா. அதை எழுதும் அழகைச் சொல்லி, அந்நாளில் மழை வந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டோம்.

"ஊரே சந்தோசப்படும். எங்களுக்குத்தான் பயமா இருக்கும்" என்றார். "பசை காயாது. பெட்டி இளகிப் போயிரும். பிரிஞ்ச பெட்டிய ஆபீஸ்ல எண்ணமாட்டாக. அம்மா அடுப்பச் சுத்தி அடுக்கி வைக்கும். நான் ராத்திரி பூரா திருப்பிப் போடுவேன். நீ தூங்கிட்டிருப்ப. ஒம் மேல சாரல் அடிக்குமேன்னு ஒரு சாக்க எடுத்துப் போர்த்திட்டு, மறுபடி வந்து திருப்புவேன்." அவர் விரல்கள் மடியின் மேல் எதையோ எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தன. பால் பொங்குகிறதென்று எழுந்து உள்ளே சென்றார்.

வீடு திரும்பியதும் புதிய நோட்டு ஒன்றை எடுத்து, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதி, தலைப்பில் அறிவிப்பாளர் என்று அவர் பெயரை இட்டோம்.